பூத்தை மாத்திட்டாங்களா? கேட்க ஒரு காலம் இருக்கிறது

2018 ஆகஸ்ட் 24, வெள்ளிக்கிழமை காலை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தென்மேற்கு ஓரத்தில் இருக்கும் கத்பர்ட் என்ற சிற்றூரில் தேர்தல் வாரியக் கூட்டம். வெளியே டிவி கேமராக்கள், உள்ளே உட்கார இடமில்லை. மூன்று பேர் இருக்க வேண்டிய வாரியத்தில் ஒரு நாற்காலி காலி. மிச்சமிருந்த இரண்டு பேரும் தீர்மானத்தை எடுத்தார்கள், ‘வேண்டாம்’ என்று ஓட்டுப் போட்டார்கள், எழுந்து போய்விட்டார்கள். மொத்தக் கூட்டமும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது.

அந்த ஒரு நிமிடத்துக்கு முன்னால் இரண்டு வாரம் நடந்ததுதான் கதை.

கத்பர்ட், ராண்டால்ஃப் கவுன்டியின் தலைநகரம். கவுன்டி என்றால் நம் கணக்கில் ஒரு சின்ன தாலுகா என்று வைத்துக்கொள்ளலாம். மக்கள்தொகை சுமார் 7,000. பத்தில் ஆறு பேர் கறுப்பினத்தவர். அங்கே இருந்தது 9 வாக்குச்சாவடி. அதில் ஏழு சாவடியை மூடிவிட்டு இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று தேர்தல் ஆலோசகர் ஒருவர் யோசனை சொன்னார். காரணம் கேட்டால் நல்ல காரணம் மாதிரியே இருந்தது: அந்தக் கட்டடங்களில் சக்கர நாற்காலி போக வசதியில்லை, கழிப்பறை சரியில்லை, மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டத்துக்குப் பொருந்தவில்லை. ஆனால் அதே வருடம் மே மாதம் நடந்த உட்கட்சித் தேர்தலும், ஜூலையில் நடந்த இரண்டாம் சுற்றும் அதே கட்டடங்களில்தான் நடந்திருந்தன. அப்போது யாருக்கும் கழிப்பறை உறுத்தவில்லை. மூடவிருந்த சாவடிகளில் ஒன்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் கறுப்பினத்தவர். சாவடி போனால் சிலர் பத்து மைல் தள்ளிப் போய் ஓட்டுப் போட வேண்டும். கிராமப்புற ஜார்ஜியாவில் கார் இல்லாதவருக்கு பஸ்ஸும் இல்லை.

நவம்பரில் ஆளுநர் தேர்தல். ஒரு பக்கம் ஸ்டேசி ஏப்ரம்ஸ், ஜெயித்திருந்தால் அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் ஆளுநர். இன்னொரு பக்கம் பிரையன் கெம்ப். மாநிலத் தேர்தல் நிர்வாகத்தைக் கவனிக்கும் பொறுப்பிலேயே இருந்துகொண்டு அவர் வேட்பாளராகவும் நின்றார். இந்தச் சூழலில் ஏழு பூத்தை மூடுகிறேன் என்றால் ஊர் சும்மா இருக்குமா?

இருக்கவில்லை. வாரியம் நடத்தியாக வேண்டிய பொதுக்கூட்டங்களுக்கு ஊரே திரண்டு போனது. சிவில் உரிமை அமைப்பின் வழக்கறிஞர்கள் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார்கள். கையெழுத்து வேட்டை ஒரு பக்கம் நடந்தது. மூட வேண்டாம் என்று கெம்ப்பின் அலுவலகமே சொல்ல வேண்டிய நிலை வந்தது. வாரியம் கூடுவதற்கு முன்பே ஆலோசகரைக் கவுன்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கடைசியில் அந்த ஒரு நிமிடக் கூட்டம்.

கையெழுத்து வாங்கியதற்குச் சட்டத்தில் அடிப்படை உண்டு. ஜார்ஜியாவில் ஒரு சாவடியை மாற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்பு கொடுக்க வேண்டும். அந்தச் சாவடிப் பகுதி வாக்காளர்களில் 20 சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டு ஆட்சேபித்தால் மாற்றம் நிற்கும். இரண்டு வருடம் முன்பு, 2016இல், அதே மாநிலத்தின் மேக்கன் நகரத்தில் இதைச் செய்து காட்டினார்கள். உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் இருந்த சாவடியை, கட்டட வேலை நடக்கிறது என்று சொல்லி, ஷெரிஃப் அலுவலகத்துக்கு, அதாவது போலீஸ் இருக்கும் இடத்துக்கு மாற்றப் பார்த்தார்கள். கறுப்பின மக்கள் அதிகம் உள்ள பகுதி. போலீஸ் வாசலைத் தாண்டிப் போய் ஓட்டுப் போடச் சொன்னால் எத்தனை பேர் போவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், முடிவெடுத்தவர்களைத் தவிர. கையெழுத்து 20 சதவீதத்தைத் தாண்டியது. சாவடி வேறு இடத்துக்குப் போனது.

இந்தக் கையெழுத்துகளுக்கு அவ்வளவு வேலை வந்ததற்கும் ஒரு தேதி உண்டு: 2013 ஜூன் 25. அதுவரை, 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டப்படி, இனப் பாகுபாட்டு வரலாறு உள்ள மாநிலங்கள் ஒரு சாவடியை இடம் மாற்றுவதென்றாலும் மத்திய அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். ஷெல்பி கவுன்டி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், எந்தெந்த மாநிலங்கள் அனுமதி கேட்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அளவுகோலை ரத்து செய்தது. கேட்க வேண்டிய கட்டாயம் போனதும் மூடுவிழாக்கள் தொடங்கின. முன்பு அந்த வளையத்துக்குள் இருந்த பகுதிகளில் 2012க்கும் 2018க்கும் இடையே 1,688 சாவடிகள் மூடப்பட்டதாக சிவில் உரிமை அமைப்புகளின் கூட்டமைப்பு ஒன்று கணக்குச் சொன்னது. முன்பு அரசாங்க அலுவலகத்தில் யாரோ ஒருவர் கோப்பைப் பார்த்துக் கேட்ட கேள்வியை இப்போது ஊர்க்காரர்கள் கேட்க வேண்டியதாயிற்று.

கத்பர்ட்டில் கேட்டது பலித்தது. அதே வருடம் கான்சாஸ் மாநிலத்தின் டாட்ஜ் சிட்டியில் பலிக்கவில்லை. கௌபாய் படங்களில் துப்பாக்கிச் சண்டை நடக்குமே, அந்த ஊர்தான். இன்று அது இறைச்சி ஆலைகளின் ஊர். மக்களில் சுமார் 60 சதவீதம் ஹிஸ்பானியர். சுமார் 13,000 வாக்காளர்களுக்கு ஊருக்குள் இருந்தது ஒரே ஒரு சாவடி. 2018 தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்பு அதையும் தூக்கி ஊர் எல்லைக்கு வெளியே கண்காட்சி அரங்கு ஒன்றில் வைத்தார்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து ஒரு மைலுக்கு மேல், நடைபாதை கிடையாது, ரயில் தண்டவாளத்தைத் தாண்ட வேண்டும். பழைய இடத்துக்குப் பக்கத்தில் சாலை வேலை என்பது சொல்லப்பட்ட காரணம். புதிதாகப் பதிந்தவர்களுக்குப் போன அறிவிப்பில் பழைய முகவரி அச்சாகியிருந்தது வேறு கதை.

வாக்காளர்களுக்கு உதவுங்கள் என்று சிவில் உரிமை அமைப்பு கவுன்டி தேர்தல் அதிகாரிக்குக் கடிதம் எழுதியது. அவர் அதை மாநில அலுவலகத்துக்கு அனுப்பும்போது மேலே மூன்றெழுத்துச் சேர்த்தார்: ‘எல்.ஓ.எல்.’ விழுந்து விழுந்து சிரிக்கிறேன் என்பதற்கு வாட்ஸப்பில் நம் பிள்ளைகளும் போடும் அதே மூன்றெழுத்து. அந்த மின்னஞ்சல் நீதிமன்றம் வரை வந்தது.

வழக்கு போட்டது அக்டோபர் 26. தேர்தல் நவம்பர் 6. நவம்பர் 1ஆம் தேதி நீதிபதி டேனியல் கிராப்ட்ரீ, அதிகாரியின் போக்கைப் பற்றித் தமக்குக் கவலை இருப்பதை மறைக்காமலே, தடை உத்தரவு தர மறுத்துவிட்டார். தேர்தலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது சாவடியை மறுபடி மாற்றினால் குழப்பம்தான் கூடும் என்பது அவர் சொன்ன காரணம். தேர்தல் நெருங்கிய பிறகு விதிகளில் கை வைக்கக் கூடாது என்று 2006இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லி வைத்திருக்கிறது. தேர்தல் முடிந்து 2019 ஜனவரியில் அதே அதிகாரி, இனி ஊரில் இரண்டு சாவடி என்று அறிவித்தார். வழக்கு முடிவுக்கு வந்தது. நியாயம் கிடைத்தது என்னவோ உண்மை. அந்த நவம்பர் ஓட்டுக்கு அது உதவவில்லை.

இரண்டு ஊரிலும் கோபம் ஒன்றுதான். கத்பர்ட்காரர்கள் முடிவெடுக்கும் முன்பே போய் நின்றார்கள். டாட்ஜ் சிட்டிக்காரர்களுக்குத் தெரியவே தாமதமாயிற்று.

இந்த ‘தாமதம்’ என்ற விஷயத்தில் இந்தியச் சட்டம் அமெரிக்காவைவிடக் கறார். அந்தக் கறாருக்கு விதை போட்டது நம்ம நாமக்கல். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில், சென்னை மாகாணச் சட்டசபைக்கு நாமக்கல் தொகுதியில் நின்ற என்.பி. பொன்னுசாமியின் வேட்புமனுவைத் தேர்தல் அதிகாரி நிராகரித்தார். அவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார், பிறகு உச்ச நீதிமன்றம் போனார். 1952 ஜனவரி 21 அன்று ஆறு நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்புச் சொன்னது: அரசியல் சட்டத்தின் 329(பி) பிரிவுப்படி, தேர்தல் தொடங்கிவிட்டால் நடுவில் நீதிமன்றம் குறுக்கே வராது, குறை இருந்தால் எல்லாம் முடிந்தபிறகு தேர்தல் மனுவாகக் கொண்டு வாருங்கள். தேர்தல் என்றால் ஓட்டுப் போடும் நாள் மட்டும் கிடையாது, அறிவிக்கை வெளியானதிலிருந்து முடிவு அறிவிக்கும் வரை மொத்தமும் தேர்தல்தான் என்றும் விளக்கியது. எழுபது வருடத்துக்கு மேலாக இன்றும் தேர்தல் வழக்கு எதுவானாலும் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்துப் போடுவது இந்தப் பொன்னுசாமி வழக்கைத்தான்.

பூத் விஷயத்துக்கு இதன் பொருள் சுலபம். அறிவிக்கை வந்தபிறகு ‘எங்கள் சாவடி சரியில்லை’ என்று ரிட் மனு போட்டால் பெரும்பாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். தேர்தல் மனுவுக்குக் கதவு திறந்திருக்கிறது என்றால் திறந்துதான் இருக்கிறது. வேட்பாளர்தான் போட வேண்டும் என்றில்லை, அந்தத் தொகுதி வாக்காளர் யாரும் 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் போடலாம். ஆனால் விதிமீறல் நடந்தது என்று நிரூபித்தால் போதாது, அதனால் தேர்தல் முடிவே பாதிக்கப்பட்டது என்று நிரூபிக்க வேண்டும். ஜெயித்தவர் இருபதாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தால், ஒரு பூத்தில் முந்நூறு பேர் வெயிலில் நடக்க முடியாமல் திரும்பிப் போனதை வைத்து என்ன செய்வது?

மறுவாக்குப்பதிவும் இதற்கு உதவாது. அதற்குத் தேர்தல் ஆணையத்தின் உத்தரவு வேண்டும். இயந்திரம் கெட்டுப் போனது, சாவடியைக் கைப்பற்றினார்கள், வாக்குப்பதிவே கெட்டுப்போகும் அளவுக்கு முறைகேடு நடந்தது என்பது மாதிரிக் காரணங்களுக்குத்தான் அது. ‘தூரம்’ அந்தப் பட்டியலில் இல்லை.

இலங்கைத் தமிழர்களுக்கு, நியாயம் தாமதமாக வரும் இந்த வலி இன்னும் கொடூரமாகத் தெரியும். 2001 டிசம்பர் 5 நாடாளுமன்றத் தேர்தலில், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி, மட்டக்களப்புப் பகுதி மக்களுக்காக அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதியில், பல ஊர்களுக்குச் சேர்த்து, கொத்தணி வாக்குச்சாவடிகள் வைத்தார்கள். வாக்களிப்பு நாளன்று இராணுவம் சோதனைச்சாவடிகளை மூடிவிட்டது. சாவடி இருந்தது, போக வழியில்லை. பாதிக்கப்பட்ட வாக்காளர்கள் அடிப்படை உரிமை மனுவோடு அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் போனார்கள். அங்கே இப்படி மனுப் போட ஒரு மாதம்தான் கெடு. 2003இல் தீர்ப்பு வந்தது: வாக்காளர்களின் உரிமை மீறப்பட்டது. அதற்குள் அந்த நாடாளுமன்றம் ஒரு வருடத்துக்கு மேல் நடந்துவிட்டிருந்தது.

சரி, நம்ம ஊரில் பூத் எங்கே என்று முடிவு செய்வது யார்? கட்சிக்காரர் யாரோ சொல்லித்தான் மாற்றினார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். சட்டத்தில் பதில் தெளிவாக இருக்கிறது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 25ஆம் பிரிவு: மாவட்டத் தேர்தல் அலுவலர், தேர்தல் ஆணையத்தின் முன் ஒப்புதலோடு, தேவையான வாக்குச்சாவடிகளை அமைத்து, எந்தச் சாவடி எந்தப் பகுதிக்கு என்ற பட்டியலை வெளியிட வேண்டும். மாவட்டத் தேர்தல் அலுவலர் என்றால் கலெக்டர்; சென்னையில் மட்டும் மாநகராட்சி ஆணையர்.

கலெக்டர் தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாதபடி ஆணையம் ஒரு கையேடே போட்டிருக்கிறது. வாக்காளர் சாதாரணமாக இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருக்கக் கூடாது. தரைத்தளத்தில் இருக்க வேண்டும், சாய்தளம் வேண்டும். போலீஸ் நிலையம், மருத்துவமனை, வழிபாட்டு இடம் ஆகியவற்றில் சாவடி கூடாது. 200 மீட்டருக்குள் கட்சி அலுவலகம் இருக்கக் கூடாது. ஒரு குடும்பத்தார் எல்லோருக்கும் ஒரே சாவடி. நலிந்த பிரிவினர் அதிகம் வசிக்கும் இடத்தில் அவர்கள் பகுதியிலேயே சாவடி வைப்பதற்கும் அதில் வழி சொல்லியிருக்கிறது. காலனிக்காரர்கள் ஊர்த்தெருவைத் தாண்டிப் போய் ஓட்டுப் போட வேண்டிய கிராமங்கள் இருக்கும் நாட்டில் இந்த ஒரு வரியின் கனம் பெரிது.

நாமக்கல் பெயரை எடுத்ததால் இதையும் சொல்ல வேண்டும். அதே மாவட்டத்தில் ராசிபுரம் பக்கத்துப் போதமலைக்குச் சாலை இல்லாத நாட்களில், தேர்தல் ஊழியர்கள் இயந்திரத்தைத் தலையில் சுமந்து மலையேறினார்கள். மலைக்கு மேல் இருப்பவர்களைக் கீழே இறங்கி வரச் சொல்லவில்லை, சாவடியே மேலே போனது. ஆக, மனசு வைத்தால் சாவடி நகரும்.

நகர்த்துவதற்கென்று ஒரு பருவமும் இருக்கிறது. வாக்காளர் பட்டியல் திருத்தம் நடக்கும் மாதங்களில் ‘வாக்குச்சாவடி மறுசீரமைப்பு’ என்று ஒரு வேலை நடக்கும். கட்டடங்களை நேரில் போய்ப் பார்ப்பார்கள், அதிக வாக்காளர் உள்ள சாவடியைப் பிரிப்பார்கள், இடிந்ததை மாற்றுவார்கள். பிறகு வரைவுப் பட்டியல் வெளியாகும். ஆட்சேபணை சொல்லப் பொதுமக்களுக்கு ஏழு நாள். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளைக் கூப்பிட்டுக் கலெக்டர் ஒரு கூட்டம் போடுவார். அதற்கப்புறம் பட்டியல் மேலே போய் ஒப்புதலாகித் திரும்பி வரும். மறுநாள் பேப்பரில் கலெக்டர் பட்டியலைக் கையில் பிடித்தபடி நிற்க, சுற்றிலும் கட்சிக்காரர்கள் நிற்கும் படம் வரும். பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகிறோமே, அந்தப் படம்தான். ஏழு நாள் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அதில் தெரியாது.

இந்தப் பட்டியல் அசையாத ஒன்று என்று யாரும் நினைக்க வேண்டாம். கொரோனா காலத்தில் ஒரு சாவடிக்கான வாக்காளர் எண்ணிக்கையைக் குறைத்ததால் 2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டில் 88,937 சாவடிகள் இருந்தன; 2024 மக்களவைத் தேர்தலில் அது 68 ஆயிரத்துச் சொச்சமாக இறங்கிவிட்டது. 2025இல் ஆணையம் உச்சவரம்பை 1,500லிருந்து 1,200 ஆக்கியது. பீகாரில் மட்டும் 12,817 சாவடிகள் கூடின. ஒவ்வொரு முறை இந்த எண் ஏறி இறங்கும்போதும் எங்கோ ஒரு தெரு ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு மாறுகிறது. அப்பாவுக்கு ஒரு பூத், அம்மாவுக்கு ஒரு பூத் என்று பிரிவதும் இந்தச் சமயத்தில்தான்.

ஆனால் நம் ஊரில் கோபம் வருவது எப்போது? பூத் சிலிப் கைக்கு வந்தபிறகு. தேர்தலுக்கு நாலு நாள் இருக்கும்போது ஊர் எல்லையில் ‘தேர்தலைப் புறக்கணிக்கிறோம்’ என்று பேனர் ஏறும், கறுப்புக்கொடி ஏறும். தாசில்தார் ஜீப்பில் வருவார், இன்ஸ்பெக்டர் வருவார், ‘அடுத்த முறை கண்டிப்பா பாத்துக்கலாம்’ என்பார்கள். பாதி ஊர் சமாதானமாகும், மீதி ஊர் ஓட்டுப் போடாது. ஒருவருமே போடாவிட்டாலும் அந்தச் சாவடி கணக்கில் பூஜ்யம் என்று எழுதப்படும், யாரோ ஒருவர் ஜெயிப்பார். பேனருக்கு ஆன செலவில் நூறு மனு ஜெராக்ஸ் எடுத்திருக்கலாம்.

மனு என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வாக்காளர் பட்டியலில் உங்கள் பாகம் எண், இப்போதைய சாவடியின் பெயர், அதற்கும் தெருவுக்கும் உள்ள தூரம், நடுவில் குறுக்கிடும் தேசிய நெடுஞ்சாலையோ ஓடையோ ரயில் கேட்டோ, மாற்றாக வைக்கக்கூடிய அரசுக் கட்டடம், ஊர்க்காரர்கள் கையெழுத்து. இவ்வளவுதான். ‘எங்களுக்குச் சிரமம்’ என்று எழுதுவதைவிட ‘இரண்டரை கிலோமீட்டர், வழியில் நான்குவழிச் சாலை, எதிரே ஊராட்சி ஒன்றியப் பள்ளி காலியாக இருக்கிறது’ என்று எழுதினால் கோப்பில் நிற்கும். ஜார்ஜியா மாதிரி 20 சதவீதக் கையெழுத்துக்கு இங்கே சட்ட பலம் கிடையாது. ஆனாலும் ஒற்றைக் கையெழுத்துக்கும் முந்நூறு கையெழுத்துக்கும் கலெக்டர் அலுவலகத்தில் கிடைக்கும் மரியாதை வேறு வேறு. வாக்காளர் பதிவு அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடமும் ஒன்று. கட்சிக் கூட்டத்துக்குப் போகும் உள்ளூர்ப் பிரமுகர் கையிலும் ஒரு நகல், அது எந்தக் கட்சியாக இருந்தாலும் பரவாயில்லை.

பிரச்சினை ஊருக்கு இல்லை, ஒரு வீட்டுக்கு மட்டும்தான், பெயர் வேறு பாகத்தில் விழுந்துவிட்டது என்றால் அதற்குப் படிவம் 8 போதும். உள்ளாட்சித் தேர்தலுக்கு இருப்பது மாநிலத் தேர்தல் ஆணையம். அதன் சாவடிப் பட்டியல் தனி. சட்டமன்றத் தேர்தலுக்குக் கொடுத்த மனு அங்கே செல்லாது, அங்கே வேறு மனுதான்.

உங்கள் பூத் எது, பாகம் எண் என்ன என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் ஆணையத்தின் செயலியில் இருக்கிறது. இல்லாவிட்டால் 1950க்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அடுத்த வரைவுப் பட்டியல் எப்போது வருகிறது என்று உங்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் (பி.எல்.ஓ.) கேட்டு வையுங்கள். வந்த நாளிலிருந்து ஏழு நாள்.